பேஸ்பால் மைதானத்தில் ஆட்டோகிராஃப் வாங்குவது எப்படி? இரண்டு சீசன் அலைந்த அம்மாவின் குறிப்புகள்

முதல் முறை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டத்துக்கு. வெளியூர்ப் பயணம், வெளியூர் மைதானம். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே உள்ளே போய்விட்டோம். ஒன்பது வயது மகன் கையில் புதுப் பந்து, என் கைப்பையில் தடிமனான கறுப்பு ஷார்ப்பி மார்க்கர் பேனா. வேலிப் பக்கம் போய் நின்றால் வீரர்கள் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள் என்று அவனோடு லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் ஆடும் நண்பனின் அப்பா சொல்லியிருந்தார். அவர் சொன்னது அவருடைய சின்ன வயதுக் கதை என்பது அப்புறம்தான் புரிந்தது. மைதானத்தில் வீரர் ஒருவரும் இல்லை. மண்ணுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர்தான் இருந்தார்கள். கீழ் வரிசைக்கு இறங்கப் பார்த்தோம்; அங்கே நின்ற ஊழியர் டிக்கெட்டைக் காட்டச் சொல்லி, மேலே போகும்படி கை காட்டிவிட்டார். ஐந்தாவது இன்னிங்ஸில் மகன் மெதுவாகக் கேட்டான்: "அம்மா, நாம தப்பான கேட் வழியா வந்துட்டோமா?"

கேட் சரிதான். கிழமை தப்பு, நேரம் தப்பு, இருக்கை தப்பு, பேனாவும் தப்பு. அதற்குப் பிறகு இரண்டு சீசன் அலைந்ததில் முப்பத்தொரு கையெழுத்து சேர்ந்தது. அவற்றில் மேஜர் லீக் (பேஸ்பாலின் உச்சமட்ட லீக், சுருக்கமாக எம்எல்பி) மைதானத்தில் ஆட்ட நாளில் கிடைத்தவை நான்கே நான்கு. இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையிடம் "இன்னைக்குக் கண்டிப்பா கிடைக்கும்" என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள்.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவின் சான் ஹொசேயில். விவரங்கள் கொஞ்சம் மேற்குக் கரைப் பக்கம் சாய்ந்திருக்கும். முறை எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

1. முதலில் கிழமையைப் பாருங்கள், அணியை அப்புறம் பார்க்கலாம்

ஆட்டத்துக்கு முன் வீரர்கள் மைதானத்தில் பந்தடித்துப் பழகுவதற்கு பேட்டிங் பிராக்டிஸ் என்று பெயர். எல்லோரும் சுருக்கமாக "பிபி" என்பார்கள். கையெழுத்துக்கு உங்களுக்கு இருக்கும் பெரிய ஜன்னல் இதுதான். பிபி இல்லாத நாளில் வீரர்கள் ஆட்டத்துக்கு அரை மணி முன்புவரை உள்ளேயே இருப்பார்கள்.

பிபி பெரும்பாலும் எப்போது இருக்காது? ஞாயிறு மதிய ஆட்டத்தில் இருக்காது. முந்தைய நாள் இரவு ஆடிவிட்டு மறுநாள் மதியம் ஆடும்போதும் இருக்காது. ஒரு தொடரின் கடைசி ஆட்டம் முடிந்த கையோடு அணி விமானம் ஏறும் நாளிலும் அப்படித்தான். குழந்தைகளோடு போகும் நம்மைப் போன்றவர்கள் தேர்ந்தெடுப்பது சரியாக அந்த ஞாயிறு மதியத்தைத்தான். வெயில் கடுமையாக இருந்தாலோ மழை வரும்போல் இருந்தாலோ பயிற்சியைக் கட்டடத்துக்குள் இருக்கும் வலைக் கூண்டுக்கு மாற்றிவிடுவார்கள். அதை யாரும் முன்கூட்டி அறிவிப்பதில்லை.

அதனால் செவ்வாய் முதல் சனிக்குள், இரவு ஆட்டமாகப் பாருங்கள். ஏப்ரல், மே மாதத்துச் செவ்வாய், புதன்கிழமைகள்தான் நல்லவை: பள்ளி நடக்கும் நாள், குளிர், கூட்டம் குறைவு, டிக்கெட்டும் மலிவு. மறுநாள் பள்ளி இருக்கிறதே என்றால், ஏழாவது இன்னிங்ஸில் கிளம்பிவிடலாம். நாம் போனது ஆட்டத்தின் முடிவைப் பார்க்கவா?

ஞாயிறுக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. சில அணிகள் குறிப்பிட்ட ஞாயிறுகளில் குழந்தைகளுக்கென்றே கையெழுத்து நேரம் ஒதுக்கும். எவ்வளவு நேரம், எந்த வயதுவரை, சீட்டு உண்டா என்பதெல்லாம் அணிக்கு அணி மாறும். அணியின் இணையப் பக்கத்தில் 'புரமோஷன்ஸ்' பட்டியலையும், மைதானத்தின் ஏ டு இஸட் வழிகாட்டியில் 'ஆட்டோகிராஃப்' என்ற சொல்லையும் தேடிப் படித்துவிட்டே டிக்கெட் எடுங்கள். அந்த ஒரு பத்தியைப் படித்திருந்தால் எனக்கு முதல் பயணமே மிச்சம்.

2. டிக்கெட்: எந்தப் பக்கம், எந்த வரிசை

உள்ளூர் அணி எந்தப் பக்கம் உட்காரும் என்பது மைதானத்துக்கு மைதானம் மாறும். சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், சிகாகோ கப்ஸ் மூன்றும் தங்கள் மைதானத்தில் மூன்றாம் பேஸ் பக்கம் (பந்தடிப்பவருக்குப் பின்னாலிருந்து பார்த்தால் இடது). நியூயார்க் யாங்கீஸ், மெட்ஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் முதல் பேஸ் பக்கம் (வலது). உங்களுக்கு வேண்டிய வீரர் எந்த அணியோ அந்தப் பக்கம் எடுங்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உள்ளூர் அணிதான் முதலில் பிபி முடிக்கும், பல மைதானங்களில் கேட் திறப்பதற்கு முன்பே. நீங்கள் உள்ளே நுழையும்போது பயிற்சியில் நிற்பது வந்த அணி. எனவே சாதாரண டிக்கெட்டில் போகிறவருக்கு வந்த அணியிடமே வாய்ப்பு அதிகம். உங்கள் பிள்ளைக்குப் பிடித்தது வெளியூர் அணி என்றால் கவலையே இல்லை, அவர்கள் உங்கள் ஊருக்கு வரும் நாளில் போங்கள். எங்கள் நான்கில் மூன்று வந்த அணி வீரர்கள் போட்டவை.

அடுத்தது வலை. அடித்த பந்து பார்வையாளர் மேல் படாமல் இருக்கக் கட்டியது. 2018க்குள் முப்பது மேஜர் லீக் அணிகளும் டக்அவுட்டின் (ஆட்டத்தின்போது வீரர்கள் உட்காரும் இடம்) கடைசி முனைவரை கட்டிவிட்டன. அதன் பிறகு இன்னும் நீட்டியிருக்கிறார்கள். குழந்தைகள் தலை தப்பித்தது, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் டக்அவுட்டுக்கு நேர் மேலே காசைக் கொட்டி இருக்கை வாங்கினால் முகத்துக்கு முன்னால் வலைதான் இருக்கும். அந்தப் பணத்தில் பாதிக்கு, வலை முடிகிற அல்லது உயரம் குறைகிற இடத்தில், ஃபவுல் லைன் எனும் பக்கவாட்டு எல்லைக் கோட்டின் ஓரமாக அவுட்ஃபீல்ட் பக்கம் முதல் சில வரிசைகளில் இடம் கிடைக்கும். டிக்கெட் தளத்தில் இருக்கையிலிருந்து தெரியும் காட்சியைப் படமாகக் காட்டுவார்கள். வலை எங்கே முடிகிறது என்று அதில் ஓரளவு பார்த்துக்கொள்ளலாம்.

பிபி முடியும்வரை யார் வேண்டுமானாலும் கீழே இறங்கலாம் என்று விடும் மைதானங்கள் உண்டு. அந்தப் பகுதி டிக்கெட் இல்லாமல் ஒரு படி இறங்க விடாதவையும் உண்டு. இதையும் அந்த ஏ டு இஸட் பக்கத்தில் பாருங்கள்.

செலவு: கூட்டமில்லாத வார நாளில் ஃபவுல் லைன் ஓர இருக்கைக்கு நாங்கள் கொடுத்தது ஆளுக்கு 48 டாலர். அதே இருக்கைக்கு ஜூலையில், டாட்ஜர்ஸ் வரும் சனிக்கிழமைக்கு, மூன்று மடங்கு கேட்டார்கள். யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்து விலை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். பார்க்கிங்கைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். மைதானத்தை ஒட்டிய இடங்களில் நாற்பது டாலர்கூடக் கேட்பார்கள். ஆரகிள் பார்க் (சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் மைதானம்) போகிறவர்களுக்கு கால்ட்ரெயின் ரயில் இருக்கிறது. கடைசி நிலையத்தில் இறங்கி நடந்தால் மைதானம்.

டிக்கெட் காகிதத்தில் வராது. எம்எல்பி பால்பார்க் ஆப்பை முந்தின நாளே இறக்கி, உள்ளே நுழைந்து, டிக்கெட் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டை நம்பிப் போகாதீர்கள், கேட்டில் திருப்பி அனுப்பலாம். பெரும்பாலான மைதானங்களில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், வங்கிக் கார்டு கட்டாயம்.

3. பையும் பொருட்களும்

பை: பல மைதானங்களில் 16 × 16 × 8 அங்குலத்துக்கு மேல் கூடாது. சில இடங்களில் முதுகுப்பையே கூடாது. டாட்ஜர் ஸ்டேடியம் போன்ற சில இடங்களில் உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பைதான். தப்பான பையோடு போனால் காருக்குத் திரும்ப ஓட வேண்டும், அல்லது காசு கொடுத்து லாக்கரில் வைக்க வேண்டும். இரண்டிலும் போவது அந்தப் பொன்னான இருபது நிமிடம்.

பந்து: ராலிங்ஸ் கம்பெனியின் அதிகாரபூர்வ மேஜர் லீக் பந்து ஒன்று முப்பது டாலருக்குப் பக்கத்தில். அதே கம்பெனியின் பயிற்சிப் பந்து சில டாலர்தான். பிள்ளைக்கு மகிழ்ச்சிக்காக என்றால் மலிவுப் பந்தே போதும். பத்திரமாக வைக்கப்போகிறீர்கள், நல்ல வீரர் என்றால் அசல் பந்து. தையல் இரண்டும் நெருங்கி வரும் குறுகலான இடத்துக்கு 'ஸ்வீட் ஸ்பாட்' என்று பெயர். ஒரே ஆள் கையெழுத்து என்றால் அங்கேதான் வாங்க வேண்டும். பந்தை அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி திருப்பி நீட்டுங்கள். நீட்டுகிற விதத்தைப் பார்த்தே வீரர்கள் அங்கே போட்டுவிடுவார்கள்.

பேனா: நான் சறுக்கிய இடம் இது. பந்தின் தோலில் ஷார்ப்பி கூடவே கூடாது. போட்ட அன்று கம்பீரமாக இருக்கும். நாளாக ஆக மை தோலில் கசிந்து, எழுத்துகள் தடித்து, சப்பாத்திக் கல்லில் சிந்திய எண்ணெய் மாதிரி பரவிவிடும். பந்துக்கு நீல நிறச் சாதாரண பால்பாயின்ட் பேனா. பிக் பேனா ஒரு டாலருக்கு இரண்டு கிடைக்கும், அது போதும். ஜெல் பேனா வேண்டாம், கை பட்டால் இழுத்துக்கொள்ளும். பேஸ்பால் கார்டு (வீரரின் படம் அச்சிட்ட சின்ன அட்டை), புகைப்படம், மட்டை, ஹெல்மெட்டுக்கு ஷார்ப்பி சரி. கார்டுக்கு நீலம் எடுப்பாகத் தெரியும். குளிர் நாளில் பால்பாயின்ட் எழுத மறுக்கும். பேனாவை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, ஒரு தாளில் கிறுக்கிவிட்டே நீட்டுங்கள்.

கார்டு: பளபளப்பான கார்டில் மை முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். கையெழுத்து விழும் இடத்தில் கொஞ்சம் குழந்தைப் பவுடர் தூவிப் பஞ்சால் மெல்லத் துடைத்துவிட்டால் மை பிடிக்கும். டாப்ஸ் ஹெரிடேஜ் போன்ற மங்கலான தாள் கார்டுகளுக்கு இது தேவையில்லை. ஒரு வீரருக்கு ஒரு கார்டு. பெரிய உறை நிறைய அடுக்கி வைத்திருக்கும் ஆளை, விற்க வந்தவர் என்று வீரர்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொன்று: அணியின் வீரர் பட்டியல், எண், பெயர், படத்தோடு. அச்செடுத்து மடித்து வைத்துக்கொள்ளுங்கள். வெறும் முதுகு எண்ணைப் பார்த்து "ஹேய், ட்வென்ட்டி-த்ரீ!" என்று கூப்பிட்டால் எந்த மனிதர் திரும்புவார்?

4. ஆட்ட நாள் நேரக் கணக்கு

மாலை 6:45 ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றரை நாலு மணிக்கு உள்ளூர் அணி பிபி தொடங்கி, நாலரை வாக்கில் முடித்துவிடும். அப்புறம் வந்த அணி. கேட் திறப்பது ஐந்தேகாலுக்கு என்றால் (ஆட்டத்துக்கு ஒன்றரை மணி முன்பு என்பது பொதுவான கணக்கு, சில இடங்களில் இரண்டு மணி, சில இடங்களில் ஒரு மணி) உங்களுக்கு மிஞ்சுவது கடைசிப் பதினைந்து இருபது நிமிடம். அதனால் கேட் வாசலில் நாலேமுக்காலுக்கு நின்றுவிடுங்கள். உள்ளே போனதும் ஹாட்டாக் வாங்க நிற்கக் கூடாது, நேராகக் கீழே. சில அணிகள் சீசன் டிக்கெட்காரர்களை முன்னதாக உள்ளே விடும். அலுவலகத்தில் யாரிடமாவது சீசன் டிக்கெட் இருந்தால் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். நாங்கள் அப்படித்தான் ஒரு முறை உள்ளூர் அணியின் பயிற்சியையே பார்த்தோம்.

பிபி முடிந்ததும் மைதானம் காலியாகும். எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். நீங்கள் போகாதீர்கள், அல்லது ஒருவர் இடத்தைப் பிடித்துக்கொள்ள மற்றவர் போங்கள். இரண்டாவது ஜன்னல் ஆட்டத்துக்கு முப்பது நிமிடம் முன்பு. வீரர்கள் வெளியே வந்து ஃபவுல் லைனை ஒட்டி உடம்பை வளைத்து, சின்ன ஓட்டம் ஓடுவார்கள். அது முடிந்து டக்அவுட்டுக்குத் திரும்பும் ஐந்து பத்து நிமிடத்தில்தான் வேலிப் பக்கம் வருவார்கள். எங்களுக்குக் கிடைத்த நான்கும் அந்த நேரத்தில்தான். தேசிய கீதம் தொடங்கிவிட்டால் அவ்வளவுதான்.

யாரை எதிர்பார்க்கலாம்? அன்று தொடக்கப் பந்து வீசப்போகும் பிட்சரை எதிர்பார்க்கவே வேண்டாம். அவர் தன் உலகத்தில் இருப்பார், கூப்பிடுவதுகூட மரியாதை இல்லை. அன்று வேலை இல்லாத மற்ற பிட்சர்கள், மாற்றுக் கேட்சர், புதிதாக மேலே வந்த இளைஞர்கள், பயிற்சியாளர்கள், இவர்கள் நிற்பார்கள். பயிற்சியாளர்களில் பலர் பழைய நட்சத்திரங்கள், அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. ஓட்டானி மாதிரி பெரிய நட்சத்திரம் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால், வேலி ஓரத்தில் அது நடப்பது அபூர்வம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆட்டம் முடிந்த பிறகு வீரர்களின் கார் நிறுத்தும் இடத்தில் காத்திருப்பதைப் பற்றிச் சிலர் சொல்வார்கள். புதிய மைதானங்களில் அது சுவருக்குள் போய்விட்டது. தங்கும் ஹோட்டல் வாசலில் நிற்பது? நான் செய்வதில்லை, குழந்தையோடு நீங்களும் செய்ய வேண்டாம்.

5. கேட்கும் முறை

கேட்பது பிள்ளையாகவே இருக்கட்டும். நாம் பின்னால் ஒரு படி தள்ளி நிற்போம். என் மகன் வாயே திறக்க மாட்டான், அதனால் வீட்டிலேயே ஒத்திகை பார்த்தோம்: பெயர் சொல்லி, முன்னால் மிஸ்டர் போட்டு, "ப்ளீஸ்" ஒரு முறை, கிடைத்தால் "தேங்க்யூ, குட் லக் டுநைட்". ஓடிக்கொண்டிருப்பவரையும் பயிற்சியாளரோடு பேசுகிறவரையும் கூப்பிடக் கூடாது.

பேனா மூடியைக் கழற்றி, பந்தும் பேனாவும் சேர்த்து நீட்ட வேண்டும். வலைக்கு மேலாகப் பந்தை எறியாதீர்கள், ஊழியர் வெளியே அனுப்பிவிடுவார், அது நியாயமும்கூட. பிள்ளையின் பெயரையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். பெயர் எழுதிய பந்தை விற்பது கஷ்டம் என்பதால், கேட்டவுடன் வீரரின் முகம் இளகிவிடும். நமது பெயர்களை எழுதத் திணறுவார்கள். ஒரு சின்ன அட்டையில் ஆங்கில எழுத்துகளில் பெரிதாக எழுதிப் பந்தோடு நீட்டினோம், வேலை நடந்தது.

விதிப்புத்தகத்தில் 4.06 என்று ஒரு விதி இருக்கிறது: சீருடையில் இருக்கும் வீரர் ஆட்டத்துக்கு முன்னும் நடுவிலும் பின்னும் பார்வையாளரோடு பேசவோ கலக்கவோ கூடாதாம். யாரும் அப்படியே கடைப்பிடிப்பதில்லை. கையெழுத்து என்பது அவர் தரும் சலுகை, நமக்கு உரிமை இல்லை என்று பிள்ளைக்கு விளக்க எனக்கு இது கைகொடுத்தது.

6. உண்மையில் கையெழுத்து கிடைக்கும் இடம்: மைனர் லீக்

இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். ஆனால் முதலில் எழுதினால் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள், பெரிய மைதானத்துக்கே போயிருப்பீர்கள், என்னைப் போல.

முப்பது மேஜர் லீக் அணிகளுக்கும் கீழே தலா நான்கு மைனர் லீக் அணிகள், மொத்தம் 120. டிரிப்பிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ என்று நான்கு படி. உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரக் கார் தூரத்தில் ஒன்று இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எங்களுக்கு வீட்டுப் பக்கத்திலேயே சான் ஹொசே ஜயன்ட்ஸ், சிங்கிள்-ஏ அணி. பின்னாளில் பெரிய நட்சத்திரங்களான பஸ்டர் போசியும் மேடிசன் பம்கார்னரும் 2009இல் இங்கே ஆடியவர்கள். அடுத்த ஆண்டே இருவரும் உலகத் தொடர் (மேஜர் லீக்கின் இறுதித் தொடர்) வென்ற சான் பிரான்சிஸ்கோ அணியில் இருந்தார்கள். அன்று வேலி ஓரம் நின்றவர்கள் பதினைந்து டாலருக்குள் டிக்கெட் வாங்கியிருப்பார்கள்.

இங்கே வேலி இடுப்பு உயரம். பல மைதானங்களில் பிட்சர்கள் பந்து வீசிப் பழகும் புல்பென்கூட ஃபவுல் லைன் ஓரத்திலேயே, நம் இருக்கைக்கு அருகில் இருக்கும். வீரர்களுக்கு வயது பத்தொன்பது இருபது. கையெழுத்து கேட்டால் அவர்களுக்கே வெட்கமும் சந்தோஷமும். ஒருவர் என் மகனிடம், "நீ என்ன பொசிஷன்?" என்று கேட்டு ஐந்து நிமிடம் பேசினார். அன்றிரவு அவன் தூங்கவில்லை.

நடைமுறை: தொடர்கள் செவ்வாயில் தொடங்கி ஞாயிறுவரை ஆறு ஆட்டம், திங்கள் விடுமுறை. வந்த அணி ஆறு நாளும் ஊரில்தான் இருக்கும், ஒரு நாள் தவறினால் மறுநாள் போகலாம். சீசன் ஏப்ரல் தொடக்கம் முதல் செப்டம்பர்வரை. கேட் திறந்த உடனே போங்கள், வீரர்கள் வெளியே வருவதற்குள் இடம் பிடித்துவிடலாம். மைதானக் கடையில் அந்த வருட அணியின் கார்டுக் கட்டு கிடைக்கிறதா என்று கேளுங்கள். பத்துப் பதினைந்து டாலர். கையெழுத்து வாங்க இதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது, ஏனென்றால் பல வீரர்களுக்கு வேறு கார்டே வந்திருக்காது. கட்டைப் பிரித்து எண் வரிசைப்படி அடுக்கிக்கொள்ளுங்கள்.

கண்ணில் படாத இன்னொரு சீசன் உண்டு: அரிசோனா ஃபால் லீக். அக்டோபரில் தொடங்கி நவம்பரில் முடியும். ஆறு அணிகள், எல்லா மேஜர் லீக் அமைப்புகளும் தங்கள் நல்ல இளம் வீரர்களை அனுப்பும். கூட்டம் மிகக் குறைவு. தீபாவளி விடுமுறையோடு சேர்த்து ஒரு முறை போனோம்.

7. ஸ்பிரிங் டிரெய்னிங்: பெரிய வீரர், சின்ன மைதானம்

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசிவரை பதினைந்து அணிகள் அரிசோனாவிலும் பதினைந்து ஃபுளோரிடாவிலும் சீசனுக்கு முந்தைய பயிற்சி எடுக்கும். அரிசோனா மேல் என்பேன். பதினைந்து அணிகளும் ஃபீனிக்ஸ் சுற்றுவட்டாரத்தில் பத்து மைதானங்களுக்குள் அடக்கம். ஃபுளோரிடாவில் மைதானங்களுக்கு நடுவே மணிக்கணக்கில் கார் ஓட்ட வேண்டியிருக்கும்.

சான் ஹொசேயிலிருந்து ஃபீனிக்ஸுக்கு விமானம் இரண்டு மணி நேரம். மூன்று பேர், மூன்று இரவு, வாடகைக் கார், இரண்டு ஆட்டம், எல்லாம் சேர்த்து எங்களுக்கு 1,600 டாலர் ஆனது. அதில் பாதி ஹோட்டல். மார்ச் நடுவில் பள்ளி விடுமுறைகள் தொடங்குவதால் அறை விலை எகிறும். பிப்ரவரி கடைசி வாரம் போனால் மலிவு, அதோடு பல அணிகளின் காலைப் பயிற்சியை இலவசமாகப் பார்க்கலாம். எந்தெந்த நாள் பொதுமக்களுக்குத் திறப்பு என்பதை அணியின் பக்கத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டு பொறிகள். ஒன்று, வெளியூர் ஆட்டங்களுக்குப் பெரிய வீரர்கள் அதிகம் பயணம் செய்வதில்லை. உங்களுக்கு வேண்டியவர் எந்த அணியோ அந்த அணியின் சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டமாக எடுங்கள். இரண்டு, கடிகாரம். அரிசோனா கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. மார்ச் இரண்டாம் ஞாயிறுவரை அது கலிஃபோர்னியாவைவிட ஒரு மணி நேரம் முன்னால், அதற்குப் பிறகு இரண்டும் ஒரே நேரம். காலண்டரில் நம் ஊர் நேரத்தில் குறித்து வைத்துவிட்டு, கேட் திறந்து ஒரு மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தோம்.

ஆட்டம் பெரும்பாலும் மதியம் ஒரு மணிக்கு. முக்கிய வீரர்கள் நான்கைந்து இன்னிங்ஸ் ஆடிவிட்டு வெளியேறிவிடுவார்கள். சில மைதானங்களில் உடை மாற்றும் அறை அவுட்ஃபீல்ட் மூலையில் இருக்கும், ஃபவுல் லைன் ஓரமாகவே நடந்து போவார்கள். ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கும்போதே அந்த மூலைக்கு நகர்ந்துவிடுங்கள். வெயில் சுடும், தொப்பியும் தண்ணீரும் அவசியம்.

8. தபால் வழி

மைதானத்துக்கே போக முடியாதவர்களுக்கு இது. ஒரு கார்டு, கையால் எழுதிய அரைப்பக்கக் கடிதம், உங்கள் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய திரும்பும் உறை, மூன்றையும் பெரிய உறையில் போட்டு அணியின் விலாசத்துக்கு வீரர் பெயரிட்டு அனுப்ப வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் ஸ்பிரிங் டிரெய்னிங் மைதானத்துக்கு அனுப்பினால் பதில் வர வாய்ப்பு கூடும். 'ஃபாரெவர்' தபால்தலையே ஒட்டுங்கள். பதில் வர ஒரு வருடம் ஆகி, இடையில் கட்டணம் ஏறினாலும் செல்லும். கார்டு மடங்காமல் இருக்க ஒரு தடித்த அட்டை. போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய கார்டையே அனுப்புங்கள். பந்தை அனுப்பாதீர்கள், போக வரப் பெட்டிச் செலவே கார்டுக் கட்டு விலையைத் தாண்டும். நாங்கள் பன்னிரண்டு அனுப்பினோம், ஐந்து திரும்பி வந்தது. ஒன்று பதினோரு மாதம் கழித்து.

9. விலைக்கு வாங்குவதென்றால்

ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இதுக்கு இவ்ளோ பாடா? கடையில காசக் குடுத்து வாங்கிட்டுப் போறது!" என்றார். வாங்கலாம். ஆனால் போலிகள் ஏராளம். எஃப்பிஐ 1990களில் தனி நடவடிக்கை எடுத்துப் போலிக் கும்பல்களைப் பிடித்தது. 'உண்மைச் சான்றிதழ்' என்று கடைக்காரரே அச்சடித்துத் தரும் தாளுக்கு மதிப்பு இல்லை.

நம்பக்கூடியது மேஜர் லீக்கின் சொந்த ஹோலோகிராம் ஒட்டி. 2001இல் தொடங்கிய திட்டம். வீரர் கையெழுத்துப் போடுவதைச் சட்டம் ஒழுங்குத் துறையில் பணியாற்றிய ஒருவர் நேரில் பார்த்தால்தான் ஒட்டுவார்கள். ஒட்டியில் உள்ள எண்ணை லீக்கின் இணையதளத்தில் தட்டிப் பார்க்கலாம். கவனியுங்கள்: நீங்கள் வேலி ஓரத்தில் வாங்கிய பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இந்த ஒட்டி கிடைக்காது. அதற்கு பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்வார்கள். சாதாரண வீரருக்குச் சில பத்து டாலர். நட்சத்திரம் என்றால் நூறைத் தாண்டும். விற்கும் எண்ணம் இல்லாவிட்டால் அந்தச் செலவு வேண்டாம்.

10. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

மை காயப் பத்து நிமிடம் விடுங்கள். உடனே பைக்குள் போட்டு உருட்டினால் போச்சு. பிறகு பிளாஸ்டிக் கனசதுரப் பெட்டி, சில டாலர்தான். ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள், வெயிலில் நீல மை வெளுத்துவிடும். பளபளப்பு வார்னிஷ் எதுவும் பூச வேண்டாம்.

கடைசியாக, வீரர் கையெழுத்துப் போடும்போது முதுகு எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், அன்றைக்கே யார், எந்தத் தேதி என்று எழுதிவையுங்கள். இந்தக் காலத்துக் கையெழுத்துகள் ஒரு வளைவும் ஒரு கோடும்தான். ஸ்பிரிங் டிரெய்னிங்கில் ஒரே எண்ணை இரண்டு பேர் போட்டிருப்பதும் உண்டு. எங்கள் அலமாரியில் ஒரு பந்து இருக்கிறது. மகன் அது நிச்சயமாக ஒரு பிட்சர் என்கிறான், என் கணவர் பேட்டிங் கோச் என்கிறார். எனக்கு அது அன்று பக்கத்தில் நின்ற மைதான ஊழியராகக்கூட இருக்கலாம் என்று ஒரு சந்தேகம்.